வாழ்த்து அட்டைகளும் உறவுமுறை மாற்றமும்: தாம்பரம், தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் வாழ்த்து என்பது நீண்ட இலக்கிய மரபுடையது. அம்மரபில் வாழ்த்தும் உரிமை அகவை, புலமை, சடங்குத் தகுதி ஆகியவற்றைச் சார்ந்து பெரும்பாலும் ஒரு திசையிலேயே இயங்கியது. இருபதாம் நூற்றாண்டில் அஞ்சல், அச்சு, புறநகர்க் குடியிருப்பு ஆகிய மூன்றும் இணைந்தபோது, யாரும் யாரையும் வாழ்த்தலாம் என்ற புதிய நிலை உருவானது. இம்மாற்றத்தைத் தாங்கிய எளிய பொருள் வாழ்த்து அட்டையாகும். கிறிஸ்துமஸ் அட்டை, பொங்கல் வாழ்த்து, மணவாழ்த்து மடல், நிறுவன வாழ்த்து, நன்கொடை அட்டை முதலிய வகைகளைத் தாம்பரம், பல்லாவரம், பரங்கிமலை சார்ந்த புறநகர்ச் சூழலில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. தேதியிடப்படாத அட்டைகளைக் காலக்கணிப்புச் செய்வதற்குரிய அகச்சான்றுகளையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: வாழ்த்து அட்டை, பொங்கல் வாழ்த்து, தாம்பரம், பல்லாவரம், அஞ்சல் வரலாறு, சிவகாசி அச்சு, சிறுவெளியீடுகள்.

முன்னுரை

நூல், இதழ், கல்வெட்டு, ஓலைச்சுவடி ஆகியவற்றுக்கு அளிக்கப்படும் மதிப்பு, துண்டறிக்கை, அழைப்பிதழ், நாட்காட்டி, வாழ்த்து அட்டை போன்ற சிறுவெளியீடுகளுக்கு அளிக்கப்படுவதில்லை. இவை ஒரு நாளின் தேவைக்காக அச்சிடப்படுபவை. அந்நாள் கழிந்ததும் எறியப்படுபவை. ஆயினும், மக்கள் தம்முள் ஒருவரையொருவர் எவ்வாறு விளித்தனர், யாரை நினைவில் வைத்தனர், எந்நாளைத் தமது நாளாகக் கருதினர் என்பவற்றை இச்சிறுவெளியீடுகள் அளவுக்கு வேறு எச்சான்றும் நேரடியாகக் காட்டுவதில்லை.

இவ்வாய்வுக்குத் தென்சென்னைப் புறநகர்ப் பகுதி பொருத்தமான களமாகிறது. படைமுகாம், திருச்சபை, தோல் தொழில், கல்லூரி, காசநோய் மருத்துவமனை, விமானப்படை நிலையம், தனித்தமிழ் இயக்கம் ஆகிய பல்வேறு வாழ்வுநிலைகள் ஒரே இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த பகுதி இது. அவை ஒவ்வொன்றும் தனக்குரிய வாழ்த்து வழக்கத்தைக் கொண்டிருந்தன.

1. வாழ்த்தும் வணக்கமும்: மரபு நிலை

தொல்காப்பியச் செய்யுளியல் புறநிலை வாழ்த்து, வாயுறை வாழ்த்து ஆகியவற்றைத் தனித்தனியே வரையறுக்கிறது. வழிபடு தெய்வம் காக்க, வழிவழியாகச் சிறந்து பொலிக என்று ஒருவரை நோக்கிக் கூறுவது புறநிலை வாழ்த்து. கேட்பதற்குக் கடுமையாயினும் பின்னர்ப் பயன் தரும் சொல்லைக் கூறுவது வாயுறை வாழ்த்து. புறநானூற்றுத் துறைகளுள் வாழ்த்தியலும் ஒன்று. சிலப்பதிகாரம் மங்கல வாழ்த்துப் பாடலுடன் தொடங்குகிறது. அதன் வஞ்சிக் காண்டத்தில் வாழ்த்துக் காதையும் இடம்பெறுகிறது.

இவ்விலக்கிய வாழ்த்துகளில் புலவர் வேந்தனை வாழ்த்துகிறார். செல்வ நிலையில் தாழ்ந்தவராயினும், புலமையால் வாழ்த்தும் தகுதி அவருக்கு உண்டு. குடும்பத்திலோ அத்தகுதியை அகவை அளிக்கிறது. மூத்தோர் வாழ்த்துவர். இளையோர் வணங்குவர். ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்’ என்று மேடைகளில் இன்றும் கூறப்படுவது இந்நெறியின் எச்சமாகும். ஆக, அவையிலும் இல்லத்திலும் வாழ்த்து ஒரு திசைச் சொல்லாகவே இருந்தது எனலாம்.

பழைய கடித மரபும் இதனை உறுதிப்படுத்துகிறது. இளைய ஆடவர் ‘சிரஞ்சீவி’ என்றும், மணமான பெண்டிர் ‘சௌபாக்கியவதி’ என்றும் விளிக்கப்பட்டனர். மூத்தோர் எழுதும் மடல் ‘அநேக ஆசீர்வாதம்’ என்றும், இளையோர் எழுதும் மடல் ‘அநேக நமஸ்காரம்’ என்றும் அமைந்தன. கடிதத்தின் முதல் வரியைக் கொண்டே எழுதியவர், பெறுபவர் ஆகியோரின் படிநிலையை அறிந்துவிடலாம். ஒரே வாசகத்தை அனைவருக்கும் அனுப்பும் அச்சு அட்டை, இப்படிநிலைக்கு நேர் எதிரான இயல்புடையது. அது பரவிய பின்னணி இனி ஆராயப்படுகிறது.

2. அஞ்சலும் அட்டையும்

வாழ்த்து அட்டையின் தோற்றம் அஞ்சல் கட்டணச் சீர்திருத்தத்துடன் இணைந்தது. இங்கிலாந்தில் 1840இல் தொலைவு கருதாத ஒரு பென்னி அஞ்சல் நடைமுறைக்கு வந்தது. அச்சீர்திருத்தத்தில் பங்கேற்ற ஹென்றி கோல், 1843இல் ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியைக் கொண்டு வரைவித்து வெளியிட்டதே முதல் வணிகக் கிறிஸ்துமஸ் அட்டையாகக் கருதப்படுகிறது. பண்டிகைக் காலத்தில் தமக்கு வந்து குவிந்த கடிதங்களுக்குத் தனித்தனியே விடையெழுத இயலாமையே அவரை இம்முயற்சிக்குத் தூண்டியது என்பர். எழுதும் உழைப்பைக் குறைப்பதற்காகவே அட்டை பிறந்தது என்பது இவ்விடத்தில் கருதத்தக்கது.

இந்தியாவில் 1854ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல் தொலைவைக் கருதாத ஒருசீர் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. 1879ஆம் ஆண்டு சூலை 1 அன்று காலணா அஞ்சலட்டை அறிமுகமாயிற்று. அன்று முதல் குறைந்த செலவில் சில வரிகளை நாட்டின் எம்மூலைக்கும் அனுப்ப முடிந்தது. பிற்காலத்தில் வாழ்த்து அட்டைகளின் பரவலுக்குப் பெரிதும் துணைநின்றது ‘புக் போஸ்ட்’ எனப்படும் அச்சுப்பொருள் அஞ்சல் முறையாகும். உறையை ஒட்டாமல், மேல்மடிப்பை உள்ளே செருகி அனுப்பினால் கடிதத்தைக் காட்டிலும் குறைந்த தலை போதுமானதாக இருந்தது. உள்ளே அச்சிட்ட வாழ்த்தும் கையொப்பமும் இடம்பெற இசைவு இருந்தது; நலம் விசாரித்து நீண்ட கடிதம் எழுத இசைவு இருக்கவில்லை. இவ்வாறு அஞ்சல் விதியே வாழ்த்தைச் செய்தியிலிருந்து பிரித்துத் தனி வகையாக்கியது.

அட்டைக்கு இணையாக வாழ்த்துத் தந்தியும் வழங்கியது. திருமணம், பண்டிகை, தேர்வு வெற்றி ஆகியவற்றுக்குரிய வாசகங்களுக்கு எண்கள் தரப்பட்டிருந்தன. அனுப்புநர் எண்ணைக் குறிப்பிட்டால் போதும். முழு வாசகமும் பெறுநரைச் சேரும். 2013ஆம் ஆண்டு சூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டதுடன் இவ்வகை முடிவுற்றது.

3. புறநகரின் உருவாக்கமும் கிறிஸ்துமஸ் அட்டையும்

பரங்கிமலையும் பல்லாவரமும் காலனியக் காலப் படைமுகாம்கள். ஐரோப்பியப் படைவீரர், ஆங்கிலோ-இந்தியர், கத்தோலிக்கத் தமிழர் ஆகியோர் வாழ்ந்த இப்பகுதிகளில் கிறிஸ்துமஸ் அட்டை அயற்பொருளாக இருக்கவில்லை. 1931இல் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மீட்டர் பாதையில் மின்தொடர் வண்டி இயங்கத் தொடங்கியது. சிதறிய சிற்றூர்களாக இருந்தவை, நகரில் பணிபுரிவோர் உறையும் குடியிருப்புகளாக மாறுவதற்கு அதுவே வழிவகுத்தது.

1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்திலிருந்து தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. மறு ஆண்டு டிசம்பர் 12 முதல் 29 வரை பன்னாட்டு மறைப்பணி மன்றத்தின் உலக மாநாடு அக்கல்லூரி வளாகத்தில் கூடியது. ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து வந்த சுமார் 470 பேராளர்கள் அவ்வாண்டின் கிறிஸ்துமஸ் நாளைத் தாம்பரத்திலேயே கழித்தனர். விடுதி வாழ்க்கையும் வெளிநாட்டுத் தொடர்பும் உடைய இத்தகைய நிறுவனங்கள், ஆண்டுக்கொருமுறை அட்டை அனுப்பித் தொடர்பைப் புதுப்பிக்கும் வழக்கத்திற்கு இயல்பான நிலைக்களன்களாக அமைந்தன. வேறு வேறு ஊர்களைச் சார்ந்த மாணவர்களும், நாடெங்கும் பணிமாற்றம் பெறும் விமானப்படையினரும், இருப்புப்பாதை ஊழியரும் வாழ்ந்த பகுதியில், உறவினர் என்ற வட்டத்திற்கு அப்பால் ‘நண்பர்’, ‘உடன் பணிபுரிந்தவர்’, ‘பழைய அண்டை வீட்டார்’ என்ற புதிய உறவுகள் முதன்மை பெற்றன. சடங்கு சார்ந்த முறைமை ஏதும் இவ்வுறவுகளுக்கு இல்லை. அவ்வெற்றிடத்தை அட்டை நிரப்பியது.

கிறிஸ்துமஸ் அட்டையுடன் ஆங்கிலப் புத்தாண்டு அட்டையும் பரவியது. சமயச் சார்பற்றதாகக் கருதப்பட்டமையால், அலுவலகச் சூழலில் இதனையே பலரும் விரும்பினர். ரமலான் பெருநாள் வாழ்த்து அட்டைகளும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் வட இந்திய நகரங்களில் உருது வாசகங்களுடன் அச்சிடப்பட்டு வந்தன. பிறை, மசூதிக் கோபுரம், மலர்க்கொத்து ஆகியவை அவற்றின் நிலையான படிமங்களாயின. தமிழகத்தில் ‘ஈகைத் திருநாள் வாழ்த்து’ எனத் தமிழ் வாசகத்துடன் இவ்வகை வழங்கியது, பொங்கல் வாழ்த்தின் மொழிநடை பிற சமயப் பண்டிகைகளுக்கும் பரவியதைக் காட்டுகிறது.

4. பல்லாவரமும் வாழ்த்தின் மொழியும்

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியாற்றிய சுவாமி வேதாசலம், 1911இல் அப்பணியை விடுத்துப் பல்லாவரத்தில் குடியேறினார். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, மறைமலையடிகள் எனத் தம் பெயரை மாற்றிக்கொண்டார். 1950இல் மறையும் வரை பல்லாவரமே அவரது உறைவிடமாக இருந்தது. அவ்வியக்கத்தின் விளைவு நூல்நடையோடு நிற்கவில்லை. ‘நமஸ்காரம்’ வணக்கமாயிற்று. ‘ஆசீர்வாதம்’ வாழ்த்தாயிற்று. ‘க்ஷேமம்’ நலமாயிற்று. ‘விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை’ திருமண அழைப்பிதழாயிற்று. 1967இல் அமைந்த அண்ணாவின் அரசு ‘ஸ்ரீ’, ‘ஸ்ரீமதி’ ஆகியவற்றுக்கு மாற்றாகத் ‘திரு’, ‘திருமதி’ என்பவற்றை அரசு வழக்காக்கியபோது, அரை நூற்றாண்டாக வளர்ந்து வந்த சொல் மாற்றம் அதிகார ஏற்புப் பெற்றது.

இச்சொல் மாற்றத்தில் ஒரு பொருள் மாற்றமும் அடங்கியுள்ளது. ‘ஆசீர்வாதம்’ மூத்தோருக்கு மட்டுமே உரியது. இளையோர் மூத்தோரை ஆசீர்வதிக்க இயலாது. அதற்கு ஈடாக நின்ற ‘நல்வாழ்த்து’ அவ்வரையறையை மெல்லக் கடந்தது. ‘இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்’ என்னும் வாசகத்தை மகன் தந்தைக்கும், மாணவர் ஆசிரியருக்கும், பணியாளர் முதலாளிக்கும் அனுப்பலாம். எவரும் அதனை முறைகேடாகக் கொள்வதில்லை. நேரில் காணும்போது காலில் விழுந்து வணங்கும் அதே இளையவர், அஞ்சலில் மூத்தவரை வாழ்த்துகிறார். நேர்முறையில் நெகிழாத படிநிலை அச்சில் நெகிழ்ந்தமை குறிப்பிடத்தக்கது.

பொங்கல் இவ்வாழ்த்தின் முதன்மை நாளாக அமைந்ததற்கு அரசியல் பின்புலம் உண்டு. உழவு சார்ந்த அறுவடைத் திருநாளான அதனைத் திராவிட இயக்கத்தார் புராணச் சார்பற்ற தமிழர் திருநாளாக முன்னிறுத்தினர். 1949இல் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றிய பின், பொங்கல் மலர்களும் தலைவர்களின் பொங்கல் மடல்களும் ஆண்டுதோறும் எதிர்பார்க்கப்படும் வெளியீடுகளாயின. அண்ணா தம் இதழ்களில் ‘தம்பி’ என விளித்து எழுதிய மடல்கள், கட்சித் தலைமைக்கும் தொண்டருக்கும் இடையிலான உறவைக் குடும்ப உறவாக உருவகித்தன. தொண்டர்கள் தம்முள் அனுப்பிக்கொண்ட பொங்கல் அட்டைகள் அவ்வுருவகத்தின் மறுபக்கம் எனலாம். சென்னை மாநிலம் ‘தமிழ்நாடு’ எனப் பெயர் மாற்றம் பெற்ற நாளும் 1969ஆம் ஆண்டு சனவரி 14, அதாவது பொங்கல் நாளே. பண்டிகை நாளும் அரசியல் நாளும் அங்கு ஒன்றாயின.

5. சிவகாசி அச்சும் படிமங்களும்

இரவிவர்மா 1894இல் மும்பையில் நிறுவிய அச்சகத்தின் வண்ணப்படங்கள், தெய்வ உருவங்களை எளிய இல்லங்களுக்கும் கொண்டு சேர்த்தன. தமிழகத்தில் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் நாட்காட்டி ஓவிய மரபை வளர்த்தனர். 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்ட அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோரின் முயற்சியால் சிவகாசியில் அத்தொழில் வேரூன்றியது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ண ஒட்டுத்தாள் தேவைப்பட்டமையால் கல்லச்சுத் தொழிலும், பின்னர் ஆப்செட் அச்சுத் தொழிலும் அங்கு வளர்ந்தன. நாட்காட்டி, நாட்குறிப்பு, வாழ்த்து அட்டை ஆகிய மூன்றும் ஆண்டிறுதியை நோக்கி அச்சிடப்படுபவை; ஒரே ஓவியக் கருவூலத்தைப் பகிர்ந்துகொள்பவை.

பொங்கல் அட்டையின் படிமங்களை நான்காகப் பகுக்கலாம். முதலாவது, உழவுப் படிமம்: பொங்கும் பானை, கரும்பு, மஞ்சள் கொத்து, கோலம், அலங்கரித்த காளை, கதிரவன். இரண்டாவது, தமிழ்ப் பண்பாட்டுப் படிமம்: வள்ளுவர், கண்ணகி, தமிழ்த்தாய், கோயிற் கோபுரம். வேணுகோபால சர்மா வரைந்த வள்ளுவர் உருவம் 1964இல் சட்டமன்றத்தில் திறந்து வைக்கப்பட்ட பின், அட்டைகளிலும் அவ்வுருவமே நிலைபெற்றது. மூன்றாவது, அரசியல் தலைவர் படிமம். நான்காவது, திரைக்கலைஞர் படிமம். ‘எங்க வீட்டுப் பிள்ளை’ 1965ஆம் ஆண்டு பொங்கலுக்கு வெளியானது போலப் பொங்கல் வெளியீடு என்பது திரைத்துறையின் நிலையான வழக்கமாயிற்று. நாயகர் படமிட்ட அட்டைகளும் அவ்வழக்கத்துடன் சேர்ந்து வளர்ந்தன.

இப்படிமங்கள் ஒன்றோடொன்று கலந்தும் நின்றன. எடுத்துக்காட்டாக, பொங்கல் அட்டையின் கதிரவன் வழிபடு கடவுள், உழவரின் துணை, அதே வேளையில் உதயசூரியன் ஒரு கட்சியின் தேர்தல் சின்னமும் ஆகும். அனுப்புநரின் சார்பையும் பெறுநரின் சார்பையும் பொறுத்து ஒரே படம் வெவ்வேறு பொருள் தந்தது. எவ்வட்டையை யாருக்கு அனுப்புவது என்னும் தேர்வே ஒரு சமூக அறிவாகச் செயல்பட்டது.

தென்சென்னைப் புறநகரில் இவ்வட்டைகள் கிடைத்த வழி எளியது. பாரிமுனையை ஒட்டிய ஆண்டர்சன் தெரு, தாள் வணிகத்திற்கும் அழைப்பிதழ், வாழ்த்து அட்டை மொத்த விற்பனைக்கும் பெயர்பெற்றது. தாம்பரத்தில் ஏறினால் கோட்டை நிலையத்திலோ கடற்கரை நிலையத்திலோ இறங்கி நடந்தே அங்குச் சேரலாம். சிறு வணிகர் கட்டுக்கட்டாக வாங்கி வந்து, நிலையம் சார்ந்த கடைத்தெருக்களில் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டு விற்பதற்கு மின்தொடர் வண்டியே துணை நின்றது.

6. அட்டைகளின் வகைப்பாடு

அனுப்பப்படும் காரணத்தை அடிப்படையாகக் கொண்டு அட்டைகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

அ. பண்டிகை வாழ்த்து: பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ், ரமலான், புத்தாண்டு ஆகியவற்றுக்குரியவை. சனவரி முதல் நாளுக்கும் பொங்கலுக்கும் இடையில் இரு வாரங்களே உள்ளமையால், செலவு கருதி ‘புத்தாண்டு, பொங்கல் நல்வாழ்த்துகள்’ என இரண்டையும் இணைத்த அட்டைகளும் வழங்கின. தை முதல் நாளைத் தமிழ்ப் புத்தாண்டாக அறிவித்த 2008ஆம் ஆண்டுச் சட்டமும், 2011இல் அது நீக்கப்பட்டமையும் அட்டை வாசகத்தில் நேரடியாக எதிரொலித்தன. எந்நாளில் ‘தமிழ்ப் புத்தாண்டு வாழ்த்து’ அனுப்புவது என்பதே ஒரு நிலைப்பாட்டின் அறிவிப்பாயிற்று.

ஆ. வாழ்வியல் நிகழ்வு வாழ்த்து: திருமணம், பிறந்தநாள், பணி நிறைவு முதலியவற்றுக்குரியவை. இவற்றுள் தமிழுக்கே உரிய வகை, மணவிழாக்களில் நண்பர்கள் அச்சிட்டு வழங்கும் வாழ்த்து மடல். ஒற்றைத் தாளில், மணமக்களின் பெயர்களைச் சிலேடையாகவும் எதுகையாகவும் அமைத்துப் பாடிய வெண்பாவோ விருத்தமோ அதில் இடம்பெறும். மேடையில் ஒருவர் படித்துக் காட்ட, சட்டமிட்ட படி ஒன்று மணமக்களிடம் வழங்கப்படும். சீட்டுக்கவி மரபும் புறநிலை வாழ்த்து மரபும் அச்சுக்காலத்தில் பெற்ற புதிய வடிவம் இது. தமிழாசிரியர்கள் பலர் இதனை எழுதித் தருவதை ஒரு கடமையாகவே கொண்டிருந்தனர்.

இ. நிறுவன வாழ்த்து: நகைக்கடை, துணிக்கடை, சீட்டு நிறுவனம், சட்டமன்ற உறுப்பினர், சங்கம் ஆகியோர் தம் பெயரை அச்சிட்டு மொத்தமாக அனுப்புபவை. இதில் கையெழுத்து இராது. பெறுநரின் முகவரி மட்டுமே கையால் எழுதப்பட்டிருக்கும். வாழ்த்தும் விளம்பரமும் சந்திக்கும் இடம் இது.

ஈ. நன்கொடை அட்டை: விற்பனைத் தொகை பொதுநலத்திற்குச் செல்வது. ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியத்தின் அட்டைகள் 1949இல் ஒரு சிறுமியின் ஓவியத்துடன் தொடங்கின. இந்தியாவில் 1979இல் நிறுவப்பட்ட கிரை அமைப்பும் அட்டை விற்பனையால் நிதி திரட்டியது. இவ்வகையில் தாம்பரத்திற்குத் தனித் தொடர்பு உண்டு. டென்மார்க்கில் அஞ்சலக ஊழியரான ஐனார் ஹோல்போல் 1904இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் ஒட்டுவில்லைத் திட்டம், காசநோய் ஒழிப்புக்கு நிதி திரட்டும் உலகளாவிய முறையாயிற்று. இந்தியக் காசநோய்ச் சங்கம் 1950 முதல் இவ்வொட்டுவில்லைகளை வெளியிட்டு வருகிறது. ஆண்டுதோறும் அக்டோபர் 2 அன்று தொடங்கும் இவ்விற்பனை, தீபாவளி முதல் பொங்கல் வரையிலான வாழ்த்துப் பருவத்தோடு பொருந்தியது. அஞ்சல் தலைக்குரிய மதிப்பு அதற்கு இல்லை. எனினும் வாழ்த்து உறையின் மீது ஒட்டப்பட்ட அவ்வில்லை நோயாளிகளை நினைவூட்டியது. 1928இல் மருத்துவர் சௌரிமுத்து தாம்பரத்தில் தொடங்கி, 1937இல் அரசின் பொறுப்புக்கு வந்த காசநோய் மருத்துவமனையால், ‘சானடோரியம்’ என்பதே ஓர் ஊர்ப்பெயராகவும் இருப்புப்பாதை நிலையப் பெயராகவும் நிலைத்துவிட்டது. தொற்று அச்சத்தால் உறவினர் நேரில் வரத் தயங்கிய நோய் அது. அத்தகைய நோயுற்றோருக்கும் வெளியுலகிற்கும் இடையே அஞ்சல் பெற்ற இடம் தனியே ஆராயத்தக்கது.

உ. சிறுவர் அட்டை: திரைநாயகர், விலங்கு, மலர், இயற்கைக் காட்சி ஆகிய படங்களுடன் குறைந்த விலையில் விற்கப்பட்டவை. 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 62.66 விழுக்காடு. பல வீடுகளில் தம் பெயரால் அஞ்சல் அனுப்பிய முதல் தலைமுறையினர் பள்ளிச் சிறுவராகவே இருந்தனர். கடிதம் எழுதுவதற்கு நடை வேண்டும். விளிக்கும் முறைமை தெரிந்திருக்க வேண்டும். அட்டைக்குக் கையொப்பமும் முகவரியும் போதும். கடிதம் எழுதும் உரிமையைக் குடும்பத் தலைவரே பெரும்பாலும் வைத்திருந்த வீடுகளில், பெண்களும் சிறுவர்களும் தமக்கென முகவரிகளை வைத்துக்கொள்ள அட்டை இடமளித்தது. அச்சிட்ட வாசகம் உணர்வற்றது என்னும் குற்றச்சாட்டுக்கு இது தக்க மறுமொழியாகும். சொல் இல்லாதவர்க்கு அது சொல் வழங்கியது.

7. காலக்கணிப்புச் சான்றுகள்

வாழ்த்து அட்டைகளில் ஆண்டு அச்சிடப்படுவது அரிது. அஞ்சல் முத்திரை தெளிவாக இருப்பின் அதுவே முதன்மைச் சான்று. முத்திரை மங்கியோ உறை தொலைந்தோ இருப்பின், பிற அகச்சான்றுகளை நாடவேண்டும்.

முதலாவது, எழுத்து வடிவம். 1978ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகள் புதிய வடிவம் பெற்றன. ‘இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்’ என்னும் முதன்மை வாசகத்தில் இவ்வெழுத்துகளுள் ஒன்றும் இல்லை. ஆதலால் வாசகத்தை மட்டும் கொண்டு காலம் கணிக்க முயல்வது பயன்தராது. ‘அண்ணா’, ‘தலைவர்’, ‘கலைஞர்’, ‘அன்னை’ போன்ற சொற்களிலும், பின்பக்கத்தில் ‘விலை’ என்னும் சொல்லிலுமே சான்று கிடைக்கும். தனியார் அச்சகங்கள் பழைய அச்செழுத்துகளைச் சில காலம் தொடர்ந்து பயன்படுத்தியிருக்கக் கூடுமாதலின், புதிய வடிவம் காலத்தின் மேலெல்லையை உறுதிப்படுத்தும் அளவுக்குப் பழைய வடிவம் கீழெல்லையை உறுதிப்படுத்தாது.

இரண்டாவது, முகவரி. ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று அறிமுகமானது. பல்லாவரம் 600043, குரோம்பேட்டை 600044, தாம்பரம் 600045, தாம்பரம் சானடோரியம் 600047, கிழக்குத் தாம்பரம் 600059 என அமைந்த எண்களுள் ஒன்று முகவரியில் இருப்பின் அவ்வட்டை அதற்குப் பிற்பட்டது. மாவட்டப் பெயரும் துணைசெய்யும். செங்கல்பட்டு மாவட்டம் பல பெயர் மாற்றங்களைக் கண்டு, 1997 முதல் காஞ்சிபுரம் மாவட்டமாகவும், 2019இல் மீண்டும் தனிச் செங்கல்பட்டு மாவட்டமாகவும் அமைந்தது. 2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும் சில பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது.

மூன்றாவது, சொல்வடிவம். ‘வாழ்த்துக்கள்’, ‘வாழ்த்துகள்’ ஆகிய இரண்டும் அட்டைகளில் காணப்படுகின்றன. வன்றொடர்க் குற்றியலுகரத்தின்பின் ‘கள்’ விகுதி வருமிடத்து வல்லினம் மிகுமா என்பது இலக்கண அறிஞரிடையே நெடுநாள் விவாதம். ஒற்று மிகாத வடிவமே சரியென வலியுறுத்தும் போக்கு அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுள்ளது. இதனைக் காலச் சான்றாகக் காட்டிலும், அச்சகத்தாரின் மொழி உணர்வுக்கான சான்றாகக் கொள்வதே பொருத்தம்.

8. அட்டைக்குப் பின்

1979இல் தில்லியில் தொடங்கிய ஆர்ச்சீஸ் நிறுவனம், நகர்ப்புற இளைஞரிடையே நட்பு, காதல், பிறந்தநாள் அட்டைகளைப் பரப்பியது. அவற்றின் மொழி ஆங்கிலம். அவை அஞ்சலைக் காட்டிலும் நேரில் வழங்கப்பட்டமையே மிகுதி. 1995இல் இந்தியாவிற்கு வந்த கைப்பேசி அடுத்த பத்தாண்டில் பரவலாயிற்று. குறுஞ்செய்தியில் வாழ்த்தும் வழக்கம் வலுப்பெற்றதும், பண்டிகை நாள்களில் குறுஞ்செய்திச் சலுகைகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நிறுத்திவைத்தமையே அவ்வழக்கத்தின் பெருக்கத்தைக் காட்டும். பின்னர் வந்த கட்செவி அஞ்சல், படத்தையும் வாசகத்தையும் செலவின்றி ஒரே நொடியில் பலருக்கு அனுப்ப வழிசெய்தது.

இதே காலத்தில் வாழ்த்து மற்றொரு திசையிலும் சென்றது. கணினி அச்சுப் பதாகைகள் மலிவானபோது, பிறந்தநாள், மணநாள், பதவியேற்பு வாழ்த்துகள் தெருவை நோக்கித் திரும்பின. பெறுநரின் கைக்குச் சென்ற வாழ்த்து, வழிப்போக்கர் காணும் காட்சியாயிற்று. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் பள்ளிக்கரணையில் மணவிழாப் பதாகை ஒன்று சரிந்து விழுந்ததைத் தொடர்ந்து இருசக்கர வாகனத்தில் சென்ற ஒருவர் உயிரிழந்தமை, பதாகைப் பண்பாட்டின் மீது கடும் கேள்விகளை எழுப்பியது. அனுமதியற்ற பதாகைகளைத் தடுக்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் அதற்கு முன்னரே பலமுறை ஆணையிட்டிருந்தது. அட்டையில் அனுப்புநரும் பெறுநரும் ஒருவரையொருவர் அறிவர். பதாகையில் வாழ்த்தப்படுபவரைக் காட்டிலும் வாழ்த்துவோரின் படங்களே மிகுதி. வாழ்த்து மீண்டும் ஒரு படிநிலையின் அறிவிப்பாக மாறியதை இதில் காணலாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. தமிழ் மரபில் தகுதி சார்ந்து ஒரு திசையில் இயங்கிய வாழ்த்து, அச்சு அட்டையின் வழியாக இருதிசை வினையாயிற்று. இம்மாற்றத்திற்கு அஞ்சல் கட்டணமும் சிவகாசி அச்சும் புறவடிவம் தந்தன. தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்கமும் மொழியும் நாளும் தந்தன. தாம்பரம் சார்ந்த புறநகர்ப் பகுதி, உறவு வட்டத்திற்கு வெளியே வாழ நேர்ந்த மக்களை ஒன்றுதிரட்டியதன் மூலம் அவ்வட்டைகளுக்குரிய பெறுநர்களை உருவாக்கியது. அட்டையின் வகைகள் வெறும் வணிகப் பகுப்புகள் அல்ல. யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதன் பதிவுகள் ஆகும்.

இச்சான்றுகள் இன்று விரைந்து அழிந்து வருகின்றன. தனிவீடுகள் அடுக்குமாடிகளாக மாறும்போது, பரணிலும் இரும்புப் பெட்டியிலும் இருந்த அட்டைக் கட்டுகள் பழைய தாளாக எடைக்குப் போகின்றன. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனங்கள் நூல், இதழ்களுடன் சிறுவெளியீடுகளையும் பேணும் மரபைத் தொடங்கிவைத்துள்ளன. கல்லூரித் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத் துறைகளும் தத்தம் வட்டாரத்தில் அம்மரபைப் பின்பற்றலாம். முன்பக்கப் படத்தை மட்டும் மின்வருடுவது போதாது. பின்பக்கம், உறை, முத்திரை, தலை, ஒட்டுவில்லை, கையெழுத்து ஆகிய அனைத்தும் ஒரே அலகாகப் பதிவு செய்யப்பட வேண்டும். தனிமனிதரின் பெயரும் முகவரியும் பொதுவெளியில் மறைக்கப்பட வேண்டும். மாணவர் தம் இல்லத்தில் உள்ள அட்டைகளைப் பட்டியலிட்டு, அனுப்பியவர்க்கும் பெற்றவர்க்கும் இருந்த உறவை மூத்தோரிடம் கேட்டுப் பதிவு செய்யும் களப்பணி, செலவின்றி இவ்வாண்டே தொடங்கத்தக்கதாகும். அட்டைகளைச் சேகரிக்கச் சில காலம் கழித்தும் இயலலாம். அவற்றின் உறவுக் கதைகளை அறிந்தோர் அதுவரை இருப்பார்களா என்பதே விரைந்து செயல்பட வேண்டியதன் காரணமாகும்.